கோரக்கர் மூலியும் இரண்டு சட்டங்களும்

நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலை ஏறுகிறவர்களுக்குக் காரவள்ளிதான் அடிவாரம். அங்கே தொடங்கும் மலைச்சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் சோளக்காட்டையும் செம்மேட்டையும் அடைகிறது. மிளகும் காபியும் பலாவும் அன்னாசியும் இறங்கி வரும் இந்தச் சாலையில் மூலிகைகளும் இறங்குகின்றன. மூட்டுவலிக்கு என்று முடவாட்டுக்கால் கிழங்கைக் கூறுகட்டி விற்பதை மலைக்குப் போன யாரும் பார்த்திருப்பார்கள். சித்த மருத்துவ மரபு இந்த மலையைத் தன் சொந்த நிலமாகவே கருதி வந்திருக்கிறது. ஆகாய கங்கை அருவிப் பக்கத்தில் கோரக்கர் குகை, காலாங்கிநாதர் குகை என்று சித்தர் பெயரால் வழங்கும் இடங்கள் உண்டு. அந்தக் கோரக்கரின் பெயரைத் தாங்கிய ஒரு மூலிகை சித்த நூல்களில் மருந்துச் சரக்காக எண்ணப்படுகிறது. இன்று அது காரவள்ளி வழியாக ஏறினாலும் இறங்கினாலும் குற்றம். கோரக்கர் மூலி என்றும் சிவமூலி என்றும் நூல்கள் சொல்லும் அந்தச் செடி கஞ்சா. அதை மருந்தாகப் பயன்படுத்த இந்தியச் சட்டம் இடம் தருகிறதா, தந்தும் தமிழ்நாட்டில் ஏன் அது நடைமுறைக்கு வரவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

இந்தக் கேள்வியை உலகம் பெரும்பாலும் அமெரிக்காவை வைத்துத்தான் அறிந்திருக்கிறது. அங்கே 1970ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் கஞ்சாவை, ஏற்கத்தக்க மருத்துவப் பயன் எதுவும் இல்லாத பொருள்களுக்கான முதல் அட்டவணையில் வைத்தது. 1996இல் கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பின் மூலம் மருத்துவர் பரிந்துரைத்த நோயாளிகளுக்கு அதை அனுமதித்தனர். மாநிலச் சட்டம் அனுமதித்ததைக் கூட்டாட்சிச் சட்டம் குற்றம் என்றது. 2002இல் டயான் மான்சன் என்ற நோயாளி தன் வீட்டில் வளர்த்த 6 செடிகளைக் கூட்டாட்சி அதிகாரிகள் பறித்து அழித்தனர். அவரும் ஏஞ்சல் ரெய்ச்சும் தொடுத்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், வீட்டுத் தேவைக்கு வளர்த்தாலும் கூட்டாட்சித் தடையே மேலோங்கும் என்று 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது. ஆனால் 2014 இறுதியிலிருந்து, மாநிலங்களின் மருத்துவத் திட்டங்களைக் குலைக்க நீதித்துறை அமைச்சகம் பணம் செலவிடக் கூடாது என்று நாடாளுமன்றம் நிதிச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து வருகிறது. தடை ஏட்டில் இருக்கிறது. ஏறத்தாழ 40 மாநிலங்களில் நோயாளிக்கு மருந்து கிடைக்கிறது. மத்தியில் இறுக்கம், மாநிலத்தில் திறப்பு என்பது அந்த நாட்டின் வடிவம்.

தமிழ்நாட்டில் நிலைமை இதற்கு நேர் எதிர். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தை வெறும் தடைச் சட்டம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் 8ஆம் பிரிவு கஞ்சாச் செடியைப் பயிரிடுவதையும் வைத்திருப்பதையும் தடை செய்யும்போதே, மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்காக உரிய விதிகளின்படி நடப்பதை விலக்கி வைக்கிறது. அந்த விதிகளை இயற்றும் அதிகாரத்தை 10ஆம் பிரிவு மாநில அரசுகளிடம் தருகிறது: செடியைப் பயிரிடுவது, கஞ்சாவை உற்பத்தி செய்வது, கொண்டுசெல்வது, விற்பது, பயன்படுத்துவது என எல்லாவற்றையும் அனுமதிக்கவும் ஒழுங்குபடுத்தவும் மாநிலம் விதி செய்யலாம். சரஸ் எனப்படும் பிசின் மட்டும் அதில் அடங்காது. அபினியின் கதை வேறு. அதன் சாகுபடி முழுவதும் ஒன்றிய அரசின் பிடியில் இருக்கிறது. கஞ்சாவை மட்டும் நாடாளுமன்றம் தெரிந்தே மாநிலங்களிடம் விட்டது. அரசமைப்பின் நெறியுறுத்தும் கோட்பாடுகளில் மதுவிலக்கைச் சொல்லும் 47ஆவது உறுப்பும், உடல்நலத்துக்குக் கேடான மதுவகைகளையும் போதைப்பொருள்களையும் தடுக்கச் சொல்லும்போது மருத்துவத் தேவையை வெளிப்படையாக விலக்குகிறது. ஆக, ஒன்றியச் சட்டம் நோயாளிக்கும் மருந்துக்கும் நடுவே சுவர் எழுப்பவில்லை. வழியை அமைக்கும் பொறுப்பை மாநிலத்திடம் கொடுத்திருக்கிறது. தமிழ்நாடு அந்த வழியை அமைக்கவில்லை.

அமைக்காதது மட்டுமல்ல, ஒரு படி மேலேயும் போயிருக்கிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொருள் விளக்கத்தில் கஞ்சா என்பது செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகளை மட்டுமே குறிக்கும். நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் சேரா. வட மாநிலங்களில் இலையிலிருந்து செய்யும் பாங்கை விற்கும் கடைகள் அரசு உரிமத்தோடு நடப்பதற்கு இதுவே காரணம். தமிழ்நாட்டிலோ அதற்கும் பழைய ஒரு சட்டம் இருக்கிறது: 1937ஆம் ஆண்டின் சென்னை மாகாண மதுவிலக்குச் சட்டம், இன்றைய தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி முதல்வராக இருந்தபோது அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி மாகாணத்திலேயே முதலில் அது நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில். அன்று நாமக்கல் வட்டமும் கொல்லிமலையும் அந்த மாவட்டத்தைச் சேர்ந்தவை. கள்ளையும் சாராயத்தையும் ஒழிக்க வந்த சட்டமாகவே அது நினைவில் நிற்கிறது. ஆனால் போதைமருந்து என்ற அதன் விளக்கத்துக்குள் கஞ்சாச் செடியின் இலை, சிறு தண்டு, பூநுனி மூன்றும் அடங்கும். ஒன்றியச் சட்டம் 1985இல் வெளியே விட்ட இலையை இந்த மாநிலச் சட்டம் 1937இலேயே உள்ளே வைத்துவிட்டது. இதே மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் இயற்றிய விதிகளைக் கொண்டுதான் 2003 முதல் டாஸ்மாக் சில்லறைக் கடைகள் நடக்கின்றன. அரசு விரும்பினால் அந்தச் சட்டத்துக்குள் ஒழுங்குபடுத்திய விலக்குகளை உருவாக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. நோய்க்கான விலக்குக்கு மட்டும் அந்த விருப்பம் வரவில்லை.

இதன் விளைவைச் சித்த மருத்துவர் இருக்கும் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் பற்றிய ஒன்றிய விதிகளில் ஈ(1) என்றொரு அட்டவணை உண்டு. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் சேரும் நச்சுத்தன்மையுள்ள சரக்குகளின் பட்டியல் அது. எட்டி, ஊமத்தை போன்றவற்றோடு கஞ்சாச் செடியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இருப்பதன் பொருள் தடை அன்று. மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையை மருந்தின் உறையில் அச்சிட வேண்டும் என்பதே. ஆயுர்வேதத்தின் ஜாதிபலாதி சூரணமும் மதனானந்த மோதகமும் இந்த முறையில் அங்கீகாரம் பெற்ற மருந்துகள். இந்த விதிகளின்கீழ் வேறொரு மாநிலத்தில் ஆயுஷ் உரிமம் பெற்று, இலையிலிருந்து செய்த மருந்து சேலத்தில் ஒரு நோயாளியின் வீட்டுக்கு வந்தால், அது ஒரு சட்டத்தின் பார்வையில் மருந்து. இன்னொரு சட்டம் அதே இலையைப் போதைமருந்து என்கிறது. பூநுனி சேர்ந்த மருந்தானால் சிக்கல் இன்னும் கடுமை. கலவையும் கஞ்சாவே என்கிறது 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கம். 2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, போதைப்பொருளின் அளவைக் கணக்கிடும்போது அதனோடு கலந்த பிற பொருளின் எடையையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்றது. கடத்தல்காரன் மாவைக் கலந்து தண்டனையைக் குறைத்துக்கொள்வதைத் தடுக்க வந்த தீர்ப்பு அது. அந்த நோக்கில் குறை காண முடியாது. ஆனால் ஒரு கிலோவைத் தாண்டினால் 10 ஆண்டு வரை சிறை என்ற சட்டத்தின் முன், தேனும் நெய்யும் கருப்பட்டியுமாக இருக்கும் ஒரு லேகியத்தின் முழு எடையும் தராசில் ஏறும். உரிமம் பெறும் வழியே இல்லாத வைத்தியருக்கு இரண்டே வழிகள் எஞ்சுகின்றன. நூல் சொல்லும் சரக்கை நீக்கிவிட்டு அதே பெயரில் மருந்து செய்யலாம். இல்லையேல் கள்ளச் சந்தையில் வாங்கலாம். முதலாவது மருத்துவத்தைப் பொய்யாக்குகிறது, இரண்டாவது மருத்துவரைக் குற்றவாளியாக்குகிறது.

ஏட்டில் மருத்துவ விலக்கு இருந்தால் போதும், தேவைப்படுகிறவர் விண்ணப்பித்துப் பெறட்டும் என்று சொல்பவர்கள் மார்பின் கதையைக் கவனமாகப் படிக்க வேண்டும். மார்பினை அதே 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒருநாளும் மருந்து அல்ல என்று சொன்னதில்லை. புற்றுநோயின் கடைசி நிலையில் வரும் வலிக்கு அதற்கு ஈடான மருந்து குறைவு என்பதும் எல்லா மருத்துவருக்கும் தெரியும். சட்டப்பூர்வ அபினியை விளைவித்து உலகுக்கு ஏற்றுமதி செய்த நாடு இது. இருந்தும் சட்டம் வந்தபின் இந்தியாவில் மருத்துவத்துக்கான மார்பின் பயன்பாடு 97 விழுக்காடு சரிந்தது. 1997இல் நாடு முழுவதற்கும் 18 கிலோ என்ற அளவுக்கு இறங்கியது. யாரும் மார்பினைத் தடை செய்யவில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதி செய்தது. ஒரு மருத்துவமனை மருந்தை வரவழைக்க வெவ்வேறு துறைகளின் உரிமங்கள் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதியானது. கணக்கேட்டில் ஒரு பிழைக்கும் கடும் தண்டனை வரலாம் என்ற அச்சத்தில் மருந்தகங்கள் இருப்பு வைப்பதையே நிறுத்தின. ஒரு தலைமுறை மருத்துவ மாணவர்கள் மார்பினைக் கையாளாமலே பட்டம் பெற்று வெளியேறினார்கள். கேரளத்தில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரோடு சேர்ந்தவர்களும் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகே நிலைமை அசைந்தது. 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, இன்றியமையாத போதைமருந்துகள் என்றொரு வகையை உருவாக்கியது. மார்பின், பென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட 6 மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே விதி, ஒரே அலுவலகத்தின் ஒப்புதல் என்று ஆனது. சட்டத்தில் இரண்டு சொல்லாக இருக்கும் விலக்கு யாரையும் நோயிலிருந்து மீட்பதில்லை என்பதற்கு அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் வலியோடு இறந்துபோனவர்கள் சாட்சி. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அடக்கிக்கொள்ள அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை.

மார்பினைப் போலவே கஞ்சாவையும் ஒன்றிய அரசிடமே கொடுத்துவிட்டால் என்ன என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். மார்பின் அரசு ஆலைகளில் உருவாகி, எங்கும் ஒரே தரத்தில் மாத்திரையாக வரும் மருந்து. அதற்கு ஒரே விதி பொருந்தும். சித்த மருந்தின் சரக்கு எப்படிச் சுத்தி செய்யப்படுகிறது, எதோடு சேர்கிறது, எந்த அளவில் எத்தனை நாள் தரப்படுகிறது என்பதை அறிந்த நிறுவனங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து செய்து தரும் டாம்ப்கால் நிறுவனமும் இங்கே உண்டு. தவிர, 10ஆம் பிரிவின் அதிகாரம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. தில்லியில் சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மாநில உரிமையை உரக்கப் பேசும் ஒரு மாநிலம், தனக்கென்று தெளிவாக எழுதிக் கொடுக்கப்பட்ட உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டிருப்பது ஏற்க முடியாதது.

இதற்கு எதிரான வாதங்களில் வலுவானது தெருவிலிருந்து வருகிறது. ஆந்திரத்தின் விசாகப்பட்டினம் மலைப்பகுதிகளிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலிலும் லாரியிலும் கஞ்சா தமிழ்நாட்டுக்குள் வருகிறது. பள்ளி வாசல்வரை பொட்டலம் எட்டிவிட்டது என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். ஆபரேஷன் கஞ்சா வேட்டை என்ற பெயரில் காவல்துறை 2021 இறுதியிலிருந்து அடுத்தடுத்துச் சோதனைகளை நடத்தியிருக்கிறது. இந்த நேரத்தில் மருந்துக்கென்று ஒரு கதவைத் திறந்தால் அதன் வழியே எல்லாம் ஒழுகிவிடாதா? இந்த அச்சத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். வளரும் பருவத்து மூளைக்குக் கஞ்சா செய்யும் தீங்கும், மனச்சிதைவு நோயோடு அதற்குள்ள தொடர்பும் ஆய்வுகளில் உறுதிப்பட்டவை. ஆனால் இன்று பிடிபடும் கஞ்சாவில் ஒரு பொட்டலமும் மருத்துவ உரிமத்திலிருந்து கசிந்ததன்று; அப்படியொரு உரிமம் இங்கே இல்லை. கள்ளச் சந்தை தடையின் நடுவில்தான் வளர்ந்திருக்கிறது. கஞ்சாவைவிட ஆபத்தான அபினியை மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில் உழவர்களுக்கு உரிமம் கொடுத்து, நிலத்தை அளந்து, விளைச்சலை எடைபோட்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய போதைப்பொருள் பணியகம் நடத்திவருகிறது. அங்கேயும் கசிவு உண்டு. அதற்காக மார்பினே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அளவு எவ்வளவு, எங்கே விளையும், யார் கையில் தரப்படும் என்று எல்லை கட்டுவதே பதில்.

மறுபக்கம், மருந்து என்ற பெயரில் எல்லையில்லாமல் திறந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்து எடுத்துக்காட்டு. பாரம்பரிய மருத்துவச் செய்முறைகளுக்கு இடம் தந்து 2019இல் அங்கே மருத்துவப் பயன்பாடு சட்டமாயிற்று. அதோடு நிற்காமல் 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே எடுத்தார்கள். தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்தன. 2025இல் மருத்துவச் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று திரும்ப வேண்டியதாயிற்று. இலங்கையின் அனுபவம் வேறு வகை. அங்கே ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனத்துக்குத் தேவையான கஞ்சா, நீதிமன்றங்களில் பறிமுதலான சரக்கிலிருந்து வழங்கப்பட்டது. வழக்கு முடியும்வரை ஆண்டுக்கணக்கில் கிடந்த சரக்கில் மருந்துக்குரிய வீரியம் எஞ்சாது என்பதால், அரசே பயிரிடலாம் என்ற யோசனை 2017இல் அங்கு பேசப்பட்டது. பறிமுதல் சரக்கைக் கொண்டு மருந்து செய்யும் அந்த ஏற்பாட்டில், எந்த மண்ணில் விளைந்தது, எந்தப் பூச்சிக்கொல்லி பட்டது என்பது நோயாளிக்கோ வைத்தியருக்கோ தெரிய வழியில்லை. இங்கே அந்தப் பாதையை யாரும் எளிது என்று தேர்ந்துவிடக் கூடாது.

இரண்டாவது மறுப்பு மருத்துவர்களிடமிருந்து வருகிறது: சான்று எங்கே? நேர்மையான கேள்வி. கஞ்சா எல்லா நோய்க்கும் மருந்து என்று விற்கிறவர்கள் நோயாளிகளை ஏமாற்றுகிறார்கள். 2017இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட பெரிய மதிப்பாய்வு, பெரியவர்களின் நாட்பட்ட வலி, புற்றுநோய் மருந்துகளால் வரும் குமட்டல், தண்டுவட மரப்பு நோயில் நோயாளிகள் உணரும் தசை இறுக்கம் ஆகிய சிலவற்றுக்கே வலுவான சான்று கண்டது. 2018இல் குழந்தைகளின் இரு கடுமையான வலிப்பு நோய்களுக்கு, செடியிலிருந்து பிரித்த கன்னாபிடியால் மருந்துக்கு அங்கே ஒப்புதல் கிடைத்தது. 1839இல் கல்கத்தாவில் வில்லியம் ஓஷானசி என்ற மருத்துவர், இந்திய வைத்தியர்களிடம் கேட்டறிந்து, ஒரு பச்சிளங்குழந்தையின் வலிப்புக்குக் கஞ்சா கொடுத்ததை எழுதிவைத்திருக்கிறார். இடையில் ஏறத்தாழ 180 ஆண்டுகள். இந்த இடைவெளியில் சித்த மருந்துகள் பற்றி மருத்துவ ஆய்வுத் தரவு சேராமல் போனதற்குத் தடையும் ஒரு காரணம் என்பதை மறுப்பவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும். சட்டப்படி கிடைக்காத சரக்கை வைத்து எந்தக் கல்லூரி ஆய்வு செய்யும்? சான்று இல்லை என்று சொல்லி அனுமதி மறுப்பதும், அனுமதி இல்லாததால் சான்று உருவாகாததும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஆகவே முதல் அனுமதி ஆய்வுக்கு இருக்க வேண்டும். சான்று நிற்காத செய்முறைகள் கைவிடப்பட வேண்டும், அவை எந்தச் சித்தர் பெயரில் வழங்கினாலும். 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம், மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய நான்காம் அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்க வாக்கெடுத்தபோது 27 நாடுகள் ஆதரித்தன, 25 நாடுகள் எதிர்த்தன. ஆதரித்தவற்றில் இந்தியாவும் ஒன்று. வியன்னாவில் உள்ள அந்த ஆணையத்தில் இந்தியா அங்கீகரித்த மருத்துவப் பயன் தாம்பரத்தில் ஆய்வுப்பொருளாகக்கூட ஆகாமல் இருப்பது விளக்க முடியாத முரண்.

மூன்றாவதாக ஒரு கேள்வியை மறுப்பாளர்கள் கேட்பதில்லை. ஆதரவாளர்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். பயிரிடுவது யார்? உத்தரகண்ட் 2018இல் நாருக்கும் விதைக்குமான சணல்வகைக் கஞ்சாவுக்கு உரிமம் தந்தது. போதைதரும் வேதிப்பொருள் 0.3 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. மலையில் இயல்பாக விளையும் செடிகள் அந்த வரம்பைத் தாண்டிவிடுவதால் உழவர்கள் தடுமாறினார்கள். இமாச்சலப் பிரதேசம் நிதானமாகப் போகிறது. 2023இல் சட்டமன்றக் குழு அமைத்து, 2024இல் அவையில் அறிக்கையை ஏற்று, 2025இல் இரண்டு வேளாண், தோட்டக்கலைப் பல்கலைக்கழகங்களிடம் முன்னோடி ஆய்வை ஒப்படைத்தது. கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி உழவர்கள் சாமையை விட்டு மரவள்ளிக்கு மாறியதும், மரவள்ளியின் விலை சரிந்தபோது பட்ட பாடும் இந்தப் பகுதியில் எல்லோரும் அறிந்தவை. அவர்களிடம் இன்னொரு பணப்பயிராகக் கஞ்சாவைக் கொடுப்பது, ஒரு செடி கணக்குத் தவறினால் 10 ஆண்டு வரை சிறை என்ற ஆபத்தையும் அவர்கள் தலையில் ஏற்றுவதாகும். வழக்குக்கு வக்கீல் வைக்க மலையிலிருந்து இறங்கி நாமக்கல்லுக்கு நடையாய் நடக்க வேண்டியவர்கள் அவர்கள். தொடக்க ஆண்டுகளில் பயிர் அரசு நிலத்தில், அரசு ஊழியர் பொறுப்பில் மட்டுமே இருக்க வேண்டும். இடம் கொல்லிமலையாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வேலியும் கண்காணிப்பும் உள்ள பல்கலைக்கழகப் பண்ணை போதும்.

ஆகத் தேவைப்படுவது 10ஆம் பிரிவின்கீழ் ஒரு விதித்தொகுப்பும், மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் ஓர் அரசாணையும். விதித்தொகுப்பு, ஆண்டுக்கு எத்தனை கிலோ சரக்கு வேண்டும் என்பதைச் சித்த மருத்துவ நிறுவனங்களிடம் கேட்டு அறிவித்து, அந்த அளவுக்கு மட்டும் பயிரிட ஒரே பண்ணைக்கும், மருந்து செய்ய ஒரே அரசு நிறுவனத்துக்கும் உரிமம் தரட்டும். மார்பினில் பட்ட அனுபவத்தை வைத்து, மருத்துவமனைக்கான ஒப்புதல் ஒரே அலுவலகத்தில் ஒரே தாளில் முடியட்டும். அரசாணை, உரிமம் பெற்ற ஆயுஷ் மருந்தை மருத்துவச் சீட்டோடு வைத்திருக்கும் நோயாளி மீது மதுவிலக்குச் சட்டம் பாயாது என்று சொல்லட்டும். அதன் நகல் காவல் நிலையங்களுக்கும், காரவள்ளி போன்ற சோதனைச் சாவடிகளுக்கும், மாவட்ட மருந்து ஆய்வாளர்களுக்கும் தமிழில் போய்ச் சேர வேண்டும். பை ஒன்றில் சூரணப் பொட்டலத்தைப் பார்க்கும் காவலர் அந்த இடத்திலேயே சரிபார்க்கும்படி ஒவ்வொரு உறையிலும் உரிம எண்ணும் மருத்துவரின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.